மலையா, கிரியா? கான்ஜியோடு ஒரு மல்லுக்கட்டு!

2009-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த செவிலியர் தேசியத் தேர்வை 82 இந்தோனேசியச் செவிலியர்கள் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் செவிலியர்களும் சேர்ந்துகொள்ள, 254 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 3 பேர். இத்தனைக்கும் அது அப்படியொன்றும் ஆளை விழுங்கும் தேர்வு அல்ல. மொத்தமாக எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறிவிடுகிற தேர்வுதான்.

வந்தவர்கள் ஊசி போடத் தெரியாதவர்களும் இல்லை. சொந்த நாட்டில் முறையாகப் படித்து, குறைந்தது 2 ஆண்டுகளாவது வேலை பார்த்தவர்கள். 2008-இல் தொடங்கிய பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் ஜப்பான் போனார்கள். செவிலியர் என்றால் 3 ஆண்டு அவகாசம். அதற்குள் தேறவேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டும். அவர்களை மடக்கியது மருத்துவம் அல்ல, கேள்வித்தாளில் இருந்த எழுத்து.

அந்த நாள்களில் நடந்த விவாதங்களில் அடிக்கடி அடிபட்ட சொல் ‘ஜொகுசோ’. படுக்கைப்புண் என்று பொருள். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு முதுகிலும் இடுப்பிலும் வருமே, அதுதான். அதை எப்படித் தடுப்பது என்று எந்த நாட்டுச் செவிலியருக்கும் தெரியும். ஆனால் கேள்வித்தாளில் அது இரண்டு எழுத்துகளாக நிற்கிறது. முதல் எழுத்துக்கு 15 கோடு, இரண்டாவதற்கும் 15 கோடு. இரண்டுமே ஜப்பான் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று வகுத்துவைத்திருக்கும் பட்டியலில் இல்லாதவை. பேச்சில் இதற்கு ‘தொகோசுரே’ என்று எளிய சொல்லும் இருக்கிறது. வீட்டில் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் ஜப்பானிய மருமகள் அதைத்தான் சொல்வார். தேர்வுத்தாள் சொல்லாது.

இந்த எழுத்துகளுக்குத்தான் கான்ஜி என்று பெயர். கஞ்சி என்று வாசித்துவிட்டுப் பசியோடு வந்தவர்கள் மன்னிக்கவும்.

முதல் மூன்று மாதம் தேனிலவு

ஜப்பானிய மொழி படிக்கச் சேரும் தமிழருக்கு ஆரம்பம் சுகமாகவே இருக்கும். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதில் சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அங்கேயும் அதே வரிசை: வதாஷி என்றால் நான், கக்கோ என்றால் பள்ளி, ‘நி’ என்பது நம் ‘க்கு’, இகிமாசு என்றால் போகிறேன். வினைச்சொல் கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலம் படித்தபோது தலைகீழாக நின்ற வாக்கியம் இங்கே நேராக நிற்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியல் அறிஞர் இந்த ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மாணவருக்கு அந்த வாதம் ஏன் பிறந்தது என்று புரிந்துவிடும்.

எழுத்தும் முதலில் பயமுறுத்தாது. ஹிரகானா, கதகானா என்று இரண்டு வரிசைகள், அடிப்படையில் ஒவ்வொன்றிலும் 46 எழுத்து. க, கி, கு, கெ, கொ என்று அசை அசையாகப் போகும். 247 எழுத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு மாத வேலை.

அதன்பிறகுதான் மதில் வருகிறது. ஜப்பானியர்கள் ஒரே வாக்கியத்தில் மூன்று வகை எழுத்தையும் கலந்து எழுதுகிறார்கள். சொல்லின் வேர்ப்பகுதி கான்ஜியில். விகுதியும் உருபும் ஹிரகானாவில். காபி, பஸ் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் கதகானாவில். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடுவதில்லை. கான்ஜி தெரியாவிட்டால் சொல் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது.

அப்படியானால் கான்ஜியைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஹிரகானாவிலேயே எழுதலாமே? போருக்குப் பிறகு 1946-இல் வந்த அமெரிக்கக் கல்விக் குழு ஒருபடி மேலே போய், ரோமன் எழுத்துக்கே மாறிவிடுங்கள் என்று யோசனை சொன்னது. ஜப்பான் மாறவில்லை. பட்டியலைச் சுருக்கி 1,850 எழுத்தில் நிறுத்தியது. 1981-இல் அது 1,945 ஆனது. 2010-இல் 2,136. சுருக்க ஆரம்பித்த பட்டியல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

விடமுடியாததற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘ஆறு’ என்று எழுதினால் எண்ணா, நதியா, சூடு ஆறுவதா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஜப்பானிய மொழியில் இப்படி ஒரே ஒலியுடைய சொற்கள் ஏராளம். ‘கமி’ என்றால் கடவுள். ‘கமி’ என்றால் காகிதம். ‘கமி’ என்றால் தலைமுடி. மூன்றுக்கும் தனித்தனி கான்ஜி. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது என்று தெரிந்துவிடும், யோசிக்கவே வேண்டாம். பழகியவர்களுக்கு இது பெரிய வசதி. பழகும்வரைதான் பாடு.

ஒரே எழுத்து, பல ஒலி

படிக்க ஆரம்பிப்பவர்கள் பலர் நினைப்பது, ‘படம் போல இருக்கிறது, படத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்’ என்று. உண்மையான சிக்கல் படத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. இதை இங்கிலீஷ்காரருக்கு விளக்குவது கஷ்டம். தமிழருக்குச் சுலபம்.

மலையைக் குறிக்க நம்மிடம் ஒரே ஒரு எழுத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உயரமாக ஒரு கோடு, இரு பக்கமும் குட்டையாக ஒவ்வொன்று, அடியில் இணைக்கும் கோடு. (ஜப்பானிய எழுத்து அப்படித்தான் இருக்கிறது.) அதைத் திருவண்ணாமலை என்ற பெயரில் பார்த்தால் ‘மலை’ என்று வாசிக்கவேண்டும். நீலகிரியில் பார்த்தால் ‘கிரி’. அருணாசலத்தில் பார்த்தால் ‘அசலம்’. எழுத்து ஒன்று, பொருளும் ஒன்று, ஒலி மூன்று. நம் சொந்தச் சொல் ஒன்று, வடமொழியிலிருந்து வந்தவை இரண்டு.

ஜப்பானில் நடந்தது இதேதான். சீனாவிலிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டபோது அதன் சீன ஒலியும் கூடவே வந்தது. அதே எழுத்துக்குத் தங்கள் சொந்தச் சொல்லையும் பொருத்திக்கொண்டார்கள். சீனவழி வாசிப்புக்கு ‘ஓன்’, சொந்த வாசிப்புக்கு ‘குன்’ என்று பெயர். மலை எழுத்து தனியாக நின்றால் ‘யமா’. ஃபுஜி மலையின் பெயரில் வந்தால் ‘சான்’. ஃபுஜிசான் என்பதில் உள்ள சான், மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ என்று நினைத்து ‘ஃபுஜி ஐயா’ என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை, வெறும் மலை.

சீனாவிலிருந்து சொற்கள் ஒரே தடவையாக வரவில்லை. வெவ்வேறு நூற்றாண்டில், வெவ்வேறு வட்டாரத்து உச்சரிப்போடு வந்தன. அதனால் ஓன் வாசிப்பே சில எழுத்துகளுக்கு இரண்டு, மூன்று. சூரியனைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள்: நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஜன்னல் மாதிரி இருக்கும், நாள் என்றும் பொருள். ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’. மூன்று எழுத்தில் எழுதும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இதே ஜன்னல்தான். முதலில் ‘நிச்சி’, கடைசியில் ‘பி’. நிஹோன் என்று நாட்டின் பெயரில் வரும்போது ‘நி’. மூன்றாம் தேதியைச் சொல்லும் ‘மிக்கா’வில் ‘கா’.

இன்னும் மோசமான ஆள் ஒருவர் இருக்கிறார். பிறப்பு, உயிர், பச்சை என்று பொருள்படும் எழுத்து. சமைக்காததைச் சொல்லும்போது ‘நமா’. மாணவர் என்ற ‘கக்குசெய்’யில் ‘செய்’. பிறந்தநாள் என்ற ‘தஞ்ஜோபி’யில் ‘ஜோ’. அரசுப் பட்டியலே இதற்குப் பத்துக்கும் மேற்பட்ட வாசிப்புகளைக் கொடுத்திருக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்த ‘சென்செய்’ என்ற சொல்லிலும் இவர் இருக்கிறார். முன்னால் பிறந்தவர் என்பது அதன் நேர்ப்பொருள்.

பலர் கையை விடுவது இந்த இடத்தில்தான். நோட்டுப்புத்தகத்தில் ஒரு எழுத்து, அதற்குப் பக்கத்தில் எட்டு வாசிப்பு, அதை மனப்பாடம் செய்ய ஒரு இரவு. மறுநாள் ஒரு பலகையைப் பார்த்தால் எட்டில் எது என்று தெரியாது. இந்த முறையில் படிப்பது வீண் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். நீலகிரி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டுக் கேட்டுத்தான் ‘கிரி’ நமக்குப் பழகியது, மலையின் மறுபெயர்கள் பட்டியலைப் படித்து அல்ல. கான்ஜியையும் சொல்லாகவே படிக்கவேண்டும். ஃபுஜிசான் என்று ஒரு சொல், யமா என்று ஒரு சொல். எழுத்துக்கு எத்தனை வாசிப்பு என்ற கணக்கு, பத்துச் சொல் தெரிந்தபிறகு தானாகச் சேர்ந்துவிடும்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடு

எழுத்தின் வடிவத்தைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. மரத்துக்கு ஒரு எழுத்து. இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு. மூன்று மரம் என்றால் காடு. மரத்தில் ஒருவர் சாய்ந்து நின்றால் ஓய்வு. சூரியனும் நிலாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வெளிச்சம். வயலின்கீழ் வலிமை என்றால் ஆண். கூரையின்கீழ் பெண் என்றால் நிம்மதி. அதே எழுத்துக்கு ‘மலிவு’ என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை எந்தப் பெண்ணிடமும் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

புத்தகங்கள் வழக்கமாக இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இப்படி முழுக்கப் படமாக இருக்கும் எழுத்துகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை வேறு சூத்திரத்தில் கட்டப்பட்டவை: ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஒலியைக் காட்டும். நீல நிறத்துக்கான எழுத்தின் ஓன் வாசிப்பு ‘செய்’. அதன் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வைத்தால் தெளிவு. சூரியனை வைத்தால் வெயிலடிக்கும் வானம். அரிசியை வைத்தால் சாரம். பேச்சை வைத்தால் கோரிக்கை. நான்குக்கும் ஓன் வாசிப்பு ‘செய்’தான். முன்பின் பார்க்காத எழுத்தாக இருந்தாலும் இப்படிப் பாதி ஊகிக்கமுடியும். எல்லா எழுத்திலும் இது பலிக்காது. பலிக்கிற இடத்தில் ஏராளமான உழைப்பு மிச்சம்.

தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்குத் தோதான குடும்பம் ஒன்று, கோயில் குடும்பம். புத்தக் கோயிலைக் குறிக்கும் எழுத்து தனியாக நின்றால் ‘தெரா’. நாராவின் தோதாய்ஜி, கியோத்தோவின் கின்காக்குஜி போன்ற பெயர்களில் கடைசியில் வரும் ‘ஜி’யும் இதே எழுத்துதான். இனி இதன் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

சூரியனை வைத்தால் நேரம். உச்சிக்காலப் பூஜை மணியை நினைத்துக்கொள்ளலாம். கையை வைத்தால் பிடித்திருத்தல். அர்ச்சனைத் தட்டு. நடையைக் குறிக்கும் உறுப்பை வைத்தால் காத்திருத்தல். தர்ம தரிசன வரிசை. மனிதரை வைத்தால் சாமுராய். வாசலில் நிற்கும் காவல்காரர். பேச்சை வைத்தால் கவிதை. ஓதுவார். மாட்டை வைத்தால் ‘சிறப்பு’. கோயில் காளைக்கு ஊரில் இருக்கும் மரியாதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இவற்றில் நேரம், பிடித்தல், சாமுராய் மூன்றுக்கும் ஓன் வாசிப்பு கோயிலின் அதே ‘ஜி’. மணி மூன்று என்பதை ‘சான்ஜி’ என்பார்கள். உண்மையில் இந்த எழுத்துகளில் கோயில் வந்து உட்கார்ந்தது ஒலிக்காகத்தான். தட்டும் வரிசையும் காளையும் நாம் கட்டிக்கொண்ட கதை. கட்டுக்கதை ஞாபகத்துக்கு உதவுமானால் அதில் தவறில்லை, வரலாறு என்று அடித்துச் சொல்லாதவரை. கிழக்கு என்ற எழுத்துக்கு ‘மரத்துக்குப் பின்னால் எழும் சூரியன்’ என்று விளக்கம் சொல்லாத ஆசிரியர் அரிது. பழைய எலும்பு எழுத்துகளை ஆராய்ந்தவர்கள், அது இரு முனையும் கட்டிய ஒரு மூட்டையின் படம் என்கிறார்கள்.

கதை கட்டுவதையே ஒரு முழு முறையாக ஆக்கியவர் ஜேம்ஸ் ஹெய்சிக். 1970களில் காமகுராவுக்கு மொழி படிக்க வந்தவர், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதை என்று சொந்தமாக வழிவகுத்துக்கொண்டு சில வாரங்களில் சுமார் இரண்டாயிரத்தைப் பிடித்தார். அது 1977-இல் புத்தகமானது. இன்றுவரை அதற்கு ரசிகர்களும் உண்டு, எதிரிகளும் உண்டு. எதிரிகள் கேட்பது நியாயமான கேள்வி. முதல் தொகுதியை முடித்தவருக்கு எழுத்தின் பொருள் தெரியும், கைப்பட எழுதவும் வரும். ஆனால் ஒன்றைக்கூட வாய்விட்டு வாசிக்க வராது. ஒலிக்கு அடுத்த தொகுதிவரை காத்திருக்கவேண்டும். வடிவத்தைப் பிடிக்க அவர் வழி நல்லது, அதை மட்டுமே நம்புவது ஆபத்து. கதையும் அவர் ஆங்கிலத்தில் சொன்னதாக இருப்பதைவிட, நம் தெருவில் கிடைப்பதாக இருந்தால் ஒட்டும்.

மறப்பதற்கு முன்னால் ஒருமுறை

ஜப்பானியக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் படிப்பது 80 கான்ஜி. இரண்டாம் வகுப்பில் 160. மூன்றில் 200. ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டில் மொத்தம் 1,026. மீதி 1,110 அதற்குப் பிறகு. அதுவும் கடைப் பலகை, தொலைக்காட்சி, காமிக்ஸ் என்று கண் திறந்தால் கான்ஜி தெரியும் ஊரில் இருந்துகொண்டு. வெளியிலிருந்து படிக்கும் பெரியவரோ ஒரே வருடத்தில் முடிக்கப் பார்க்கிறார். கணக்கு என்னவோ எளிதுதான்: தினம் 3 எழுத்து என்றால் 2,136-ஐ முடிக்க 712 நாள், இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நேற்றுப் படித்தது இன்று இருக்கவேண்டுமே!

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. மறுபடி படிக்கப் படிக்க, மறதியின் வேகம் குறைகிறது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் இதை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். அதில் ஐந்து அறை. சீட்டின் முன்பக்கம் சொல், பின்பக்கம் வாசிப்பும் பொருளும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பிவரும். முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், அடுத்தடுத்த அறைகளை இன்னும் தாமதமாக.

அதே வேலையைச் செல்போனில் செய்வதுதான் 2006-இல் வந்த ‘அன்கி’ செயலி. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோன் செயலிக்குக் காசு. செயலி நல்லதுதான், ஆனால் உற்சாகத்தில் ஒரு விபத்து நடக்கும். முதல் வாரம் தினம் 20 புதுச் சீட்டு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். சில வாரத்தில் பழைய சீட்டுகள் திரும்பிவர ஆரம்பித்து, தினமும் நூற்றுக்கும் மேல் பார்க்கவேண்டி வரும். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், நான்கு நாள் விட்டால் ஐந்நூறு. வட்டிக்கடை மாதிரி. அதோடு செயலியைத் திறக்கவே மனசு வராது. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வருபவர்கள் தினம் ஐந்துக்கு மேல் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, ஒரே மாதிரி எழுத்துகளை ஒரே நாளில் படிக்கக்கூடாது. கூட்டல் குறியின் அடியில் ஒரு கோடு. கீழ்க்கோடு நீளமாக இருந்தால் மண். மேல்கோடு நீளமாக இருந்தால் வீரன். மரத்தின் உச்சியில் குட்டைக் கோடு போட்டால் ‘இன்னும் இல்லை’. நீளக் கோடு போட்டால் ‘முடிவு’. புதிதாகத் தமிழ் படிக்கும் வெளிநாட்டவருக்கு ன, ண இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே, அதே கதைதான். ஒன்று நன்றாக ஊறியபிறகு அடுத்ததைத் தொட்டால் குழப்பம் குறைவு.

எழுதவும் வேண்டுமா?

படிப்பவர்களுக்குள் அடிதடி நடக்கும் கேள்வி இது. கையால் எழுதிப் பழகவேண்டுமா, வாசிக்கத் தெரிந்தால் போதுமா?

முதல் ஜப்பானிய வேர்ட் பிராசஸரை 1978-இல் தோஷிபா அறிவித்தது. மேஜை அளவு இயந்திரம், விலை 63 லட்சம் யென். அதில் வந்த வழக்கம்தான் இன்று போனிலும்: ஒலியைத் தட்டினால், அந்த ஒலிக்கு உரிய கான்ஜிகள் வரிசையாக வரும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. அன்றிலிருந்து ஜப்பானியர்களுக்கே கை மறக்க ஆரம்பித்துவிட்டது. வாசிப்பார்கள், தட்டச்சு செய்வார்கள். பேனாவைக் கொடுத்தால் பாதியில் நிற்கும். இதைக் கேலி செய்ய ‘வாப்புரோ பக்கா’, அதாவது வேர்ட் பிராசஸர் மடையன் என்று ஒரு சொல்லே உண்டு.

அரசும் ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டது. 2010-இல் பட்டியலைத் திருத்தியபோது மனச்சோர்வைக் குறிக்கும் ‘உத்சு’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். 29 கோடு. எழுதும்போதே மனச்சோர்வு வந்துவிடும். எல்லா எழுத்தையும் கைப்பட எழுதத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை, கணினியில் தட்டுகிற காலத்தில் வாசித்துப் புரிந்தால் போதும் என்பதே அப்போது சொல்லப்பட்ட நியாயம்.

வெளிநாட்டவருக்கான ஜே.எல்.பி.டி. தேர்விலும் கையால் எழுதும் கேள்வி கிடையாது, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். 1984-இல் தொடங்கிய இந்தத் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. எளிய நிலை என்5, கடினமானது என்1. 2010-க்கு முன் நான்கு நிலைதான் இருந்தது. அப்போதைய கணக்கில் கீழிருந்து மேலாக 100, 300, 1,000, 2,000 கான்ஜி. முந்நூறிலிருந்து ஆயிரத்துக்குத் தாவமுடியாமல் பலர் நடுவில் தொங்கியதால்தான் இடையில் ஒரு படி, என்3, சேர்க்கப்பட்டது.

ஆகவே எழுதவே வேண்டாமா? முதல் இருநூறு, முந்நூறு எழுத்தை மட்டுமாவது கையால் எழுதிப் பழகுவது லாபம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோடு வரிசை கையில் ஏறிவிட்டால், புது எழுத்தைப் பார்த்ததும் எங்கே பிரிப்பது என்று கண்ணுக்குத் தெரியும். போனில் விரலால் வரைந்து தேடும்போதும் வரிசை சரியாக இருந்தால் சட்டென்று கிடைக்கும். அதற்குமேல் எழுதுவது விருப்பம். ஒவ்வொன்றையும் ஐம்பது தடவை எழுதி நோட்டை நிரப்புவதைவிட, அந்த நேரத்தில் ஐம்பது வரி வாசிப்பது மேல்.

வாசிப்பதில்தான் பிழைப்பே இருக்கிறது என்பதற்கு மறுபடி அந்தச் செவிலியர்களைப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அவர்களுடைய கேள்வித்தாளில் எல்லா கான்ஜிக்கும் ‘ஃபுரிகானா’ போட்டுத் தந்தார்கள். எழுத்தின் தலைக்கு மேல் பொடியாக அதன் ஒலியை ஹிரகானாவில் எழுதுவது. குழந்தைகள் புத்தகத்தில் இருப்பதுபோல. நேரத்தையும் 1.3 மடங்கு ஆக்கினார்கள். ஆனாலும் ஜப்பானியர்களின் தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒலி தெரிந்தால் போதாது, சொல்லும் தெரிந்திருக்கவேண்டும். தேர்வு முடிந்து வார்டுக்குப் போனால் டாக்டர் எழுதிவைக்கும் குறிப்புக்கு ஃபுரிகானாவும் இருக்காது.

இந்தியாவிலிருந்து திறன் தொழிலாளர்கள் ஜப்பான் போவதற்கான உடன்படிக்கை 2021 ஜனவரியில் கையெழுத்தானது. முதியோர் பராமரிப்பும் அதில் அடக்கம். அடிப்படைத் தகுதியாகக் கேட்கும் மொழித் தேர்வுகளில் ஒன்று என்4. மகளையோ மகனையோ இந்த வேலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய இடம் இது. என்4 தேறியவருக்குத் தெரிந்திருக்கும் கான்ஜி பழைய கணக்கில் சுமார் 300. ‘படுக்கைப்புண்’ அந்த முந்நூறில் இல்லை. விமானம் ஏறுவதற்குமுன் உடல் உறுப்பு, வலி, மருந்து, உணவு, குளியல் சார்ந்த சொற்களைத் தனியாக ஒரு பெட்டி போட்டுப் படித்துக்கொள்வது, பொதுவாக இன்னும் நூறு எழுத்து படிப்பதைவிட உபயோகம்.

சுவரில் ஒரு காலண்டர்

தொடங்க நினைப்பவர்களுக்கு முதல் வாரத்துக்கு ஏழே எழுத்து போதும். ஒரு ஜப்பானியக் காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். படமாகத் தரவிறக்கிப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாலும் சரி.

ஜப்பானில் கிழமைகளின் பெயர்கள் ஞாயிறில் தொடங்கி சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண். முதல் இரண்டும் நம் ஞாயிறும் திங்களும் அப்படியே. மற்றவை என்ன என்று பார்த்தால் அவையும் நம் கிரகங்கள்தான். செவ்வாய்க் கிரகத்துக்கு ஜப்பானிய மொழியில் நெருப்பு விண்மீன் என்று பெயர். புதன், நீர் விண்மீன். வியாழன், மர விண்மீன். சனி, மண் விண்மீன். ஏழு எழுத்தும் ஒன்றாம் வகுப்பின் 80-க்குள் வருபவை. பொன்னைத் தவிர எதற்கும் நான்கு கோட்டுக்கு மேல் இல்லை. பொன்னுக்கு மட்டும் எட்டு.

செவ்வாய்க்கிழமை ‘கா’, புதன் ‘சுய்’, வியாழன் ‘மொகு’, சனி ‘தோ’ என்று தினமும் காலையில் காபி போடும்போது ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நாம் வெள்ளி என்கிற கிழமைக்கு அவர்கள் எழுதுவது தங்கம்.